தின்னத் தகுந்தது தடவத் தகுந்ததா?

1986-இல் டேவிட் புஷ், ஜேம்ஸ் ஸ்டார்லிங் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 'சர்ஜரி' என்னும் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரில் தாங்கள் பார்த்த நோயாளிகளின் மலக்குடலில் சிக்கியிருந்த பொருள்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, அதுவரை உலக மருத்துவ இதழ்களில் பதிவான மற்றவற்றையும் தேடித் திரட்டியிருந்தார்கள். ஏழு மின்விளக்குகள், கத்தி தீட்டும் கருவி, இரண்டு டார்ச் லைட்டுகள், சுருள்கம்பி, மூக்குப்பொடி டப்பி, உருளைக்கிழங்கால் வாயடைத்த எண்ணெய்க் குப்பி, காய், கனி முதலிய பதினொரு வகை உணவுப்பொருள்கள், பியர் கிளாஸ் என்று போகிறது பட்டியல். ஒரே ஆளிடமிருந்து மூக்குக் கண்ணாடி, பெட்டிச் சாவி, புகையிலைப் பை, கூடவே ஒரு பத்திரிகையும் வெளிவந்திருக்கின்றன. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபெல் பரிசு 1995-இல் இந்தக் கட்டுரைக்குக் கிடைத்தது. இலக்கியப் பிரிவில்!

சிரித்து முடித்த பிறகு பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். அதில் இருக்கும் எதுவும் இந்த வேலைக்காகச் செய்யப்பட்டதல்ல. எல்லாமே வீட்டுச் சாமான்கள். ஆசை எழும் நேரத்தில் கை எட்டுகிற தூரத்தில் எது இருக்கிறதோ அதை மனிதர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் இதற்குக் காரணங்கள் கூடுதல். இதற்கென்று செய்த பொருளைக் கடையில் கேட்டு வாங்கும் துணிச்சல் பலருக்கு இல்லை, கேட்க நல்ல கடையும் இல்லை, சட்டமும் தெளிவாக இல்லை. உடல் மசாஜ் கருவிகளைப் பாலின்பத்துக்கும் பயன்படுத்தலாம் என்று சொல்லிச் சுங்கத்துறை ஓர் இறக்குமதிச் சரக்கையே நிறுத்திவைக்க, அது அதிகாரியின் கற்பனையே தவிர வேறில்லை என்று 2024 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. தடவிக்கொள்ளும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும். ஆனால் கல்லூரிக்காலத் தெரிந்தவரோ பக்கத்து வீட்டு அக்காவோ அங்கே நிற்பார்கள். ஆகவே தேங்காய் எண்ணெய் பாட்டில், வெள்ளரிக்காய், துப்பட்டா, மெழுகுவத்தி.

இதில் ஒழுக்கக்கேடு ஒன்றுமில்லை. வயது வந்தவர்கள், தனியாகவோ மனம் ஒத்தோ, தங்கள் அறைக்குள் செய்வது அவர்கள் பாடு. என் கவலை வேறு. "வாயில் போட்டுத் தின்கிற பொருள்தானே, அது என்ன செய்துவிடும்?" என்ற நியாயம் ஏறக்குறைய எல்லோர் மனத்திலும் இருக்கிறது. கேட்கப் பொருத்தமாகத் தோன்றும் இந்த நியாயம் உயிரியல் கணக்கில் தப்பு. எப்படித் தப்பு என்பதுதான் இந்த அத்தியாயம்.

உள்ளங்கையையும் யோனியின் உட்சுவரையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. வெளித்தோலின் மேல் கெரட்டின் நிறைந்த இறந்த செல்களின் அடுக்கு ஒன்று இருக்கிறது. சோப்பு, மிளகாய், வெயில், அழுக்கு எல்லாம் முதலில் முட்டுவது இந்தப் பிணச்சுவரில்தான். யோனியில் அந்தச் சுவர் கிடையாது. அங்கே பல அடுக்குச் செல்கள் உண்டு, ஆனால் மேலடுக்கும் ஈரமானது, மென்மையானது. மலக்குடலின் நிலை இன்னும் மோசம். அதன் உட்பரப்பு ஒரே ஒரு செல் தடிமன். நீரை உறிஞ்சுவதற்காக இயற்கை அமைத்த பரப்பு அது, உரசலைத் தாங்குவதற்காக அமைத்ததல்ல. வாயும் ஈரச்சவ்வுதானே என்று கேட்கலாம். வாயில் எச்சில் ஓயாமல் ஊறிக் கழுவிக்கொண்டே இருக்கிறது, உணவும் சில நொடிகளில் உள்ளே இறங்கிவிடுகிறது. இந்த இடங்களில் போட்டது போட்ட இடத்திலேயே கிடக்கும்.

யோனியில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதே நெடுங்காலம் சரியாகத் தெரியாது. ஏதோ சுரப்பிகள்தான் சுரக்கின்றன என்று நம்பியிருந்தார்கள். வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் 1966-இல் வெளியிட்ட நூலில், கிளர்ச்சியின்போது சுவரைச் சுற்றியுள்ள நுண்குழாய்களில் ரத்தம் நிறைந்து, அதன் திரவம் சுவர் வழியே வியர்வைத் துளிகளைப்போலக் கசிகிறது என்று காட்டினார்கள். ஆக ஈரத்துக்கு ரத்த ஓட்டம் வேண்டும், அந்த ஓட்டத்துக்கு நேரம் வேண்டும், சுவரின் நலத்துக்கு ஈஸ்ட்ரோஜன் வேண்டும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களிலும் மாதவிடாய் நின்ற பிறகும் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சுவர் மெலிந்து வறண்டுபோகிறது. இதைப் "பிரியம் குறைந்துவிட்டது" என்று கணவனும் "எனக்கு ஏதோ கோளாறு" என்று மனைவியும் படித்துக்கொள்வதுண்டு. இரண்டும் தவறான வாசிப்பு. மலக்குடலில் இந்த ஏற்பாடே இல்லை. அங்கே வெளியிலிருந்து ஏதாவது தடவியே ஆக வேண்டும். வீட்டு அலமாரியை நோக்கிக் கை போவது பெரும்பாலும் இந்த வறட்சிக்காகத்தான்.

கையில் முதலில் அகப்படுவது தேங்காய் எண்ணெய். தலைக்கும் தடவுகிறோம், பச்சைக் குழந்தைக்கும் தடவுகிறோம், சமைக்கவும் செய்கிறோம். தோலுக்கு அது நல்லதுதான். சிக்கல் தோலோடு அல்ல, ஆணுறையோடு.

ஆணுறை பெரும்பாலும் ரப்பர் பாலில் செய்யப்படுவது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் விடியற்காலையில் சீவி எடுக்கிறார்களே, அதே பால். ரப்பர் என்பது கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த மிக நீண்ட சங்கிலிகளின் சிக்கல். 1839-இல் சார்ல்ஸ் குட்இயர் கண்டபடி கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் சங்கிலிக்குச் சங்கிலி முடிச்சு விழுந்து, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் குணம் வருகிறது. தண்ணீர் இந்தச் சங்கிலிகளுக்குள் நுழையாது. எண்ணெய் நுழையும், ஏனென்றால் அதன் மூலக்கூறும் ஏறக்குறைய அதே குலம். சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்குகிறது, ரப்பர் ஊதி இளகுகிறது. அரை மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பரில் இது மெதுவாக நடக்கலாம். ஆணுறையின் கனமோ மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

எவ்வளவு வேகமாக? இதை அளந்து பார்க்கும் அவசரம் எய்ட்ஸ் அச்சம் பரவிய 1980-களில் வந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த ஆண்டு 1986. ஆணுறைகளை உற்பத்தி செய்யும் இடத்தில் அவற்றுக்குள் காற்றை அடித்து ஊதவைத்து, எத்தனை லிட்டரில் வெடிக்கிறது என்று பார்ப்பார்கள். வழக்கமான அளவுள்ள நல்ல உறை பதினாறு லிட்டருக்கும் குறையாமல் தாங்கும். ப்ரூஸ் வோலரும் கூட்டாளிகளும் 1989-இல் இந்தச் சோதனையைக் கனிம எண்ணெய் பட்ட உறைகளில் செய்தார்கள். குழந்தைகளுக்குப் பூசும் 'பேபி ஆயில்' வகையில் இருக்கும் எண்ணெய்தான் அது. 60 நொடி பட்டதுமே உறையின் வலுவில் ஏறத்தாழ 90 விழுக்காடு போய்விட்டது. கிளிசரின் அப்படி எதுவும் செய்யவில்லை. கண்ணால் பார்த்தால் உறை முன்போலவே இருக்கும். தொட்டாலும் வித்தியாசம் தெரியாது. கிழியும்போதுதான் தெரியும்.

பெட்ரோலியம் ஜெல்லி, நல்லெண்ணெய், வெண்ணெய், நெய், உடம்புக்குப் பூசும் லோஷன், முகத்துக்குப் போடும் கிரீம் என்று எண்ணெய்ப்பசை உள்ள எல்லாமே ரப்பருக்குப் பகை. கையில் ஒட்டியிருக்கும் மிச்சமும் இதில் சேர்த்தி. தலைக்கு எண்ணெய் தேய்த்த விரலோடு உறையைப் பிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நைட்ரைல், பாலியூரித்தேன் வகை உறைகள் எண்ணெயைத் தாங்கும். பெண்கள் அணியும் உறை பெரும்பாலும் நைட்ரைல்தான். "லேடெக்ஸ் இல்லை" என்று அட்டையில் போட்டு விற்கும் பாலிஐசோப்ரீன் வகையை நம்பிவிட வேண்டாம். அதுவும் வேதியியலில் ரப்பரின் தங்கையே, எண்ணெயில் கெடும்.

ஆணுறை தேவைப்படாத தம்பதிக்கு என்ன? வெளிப்புறத்தில் வாசனை கலக்காத தேங்காய் எண்ணெய் தடவுவதை நான் தடுக்க மாட்டேன். உள்ளே விடுவது பற்றித் தயக்கம் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் 141 பெண்களைப் பின்தொடர்ந்து 2013-இல் வெளியான ஆய்வில், பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளே பயன்படுத்தியவர்களுக்கு அங்குள்ள நுண்ணுயிர்ச் சமநிலை குலையும் வெஜைனோசிஸ் நோய் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் காணப்பட்டது. எண்ணெய் பயன்படுத்தியவர்களிடம் கேண்டிடா பூஞ்சை அதிகமாக இருந்தது. சிறிய ஆய்வு, எது காரணம் எது விளைவு என்று அது தீர்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் நீரில் கரையும் ஜெல் மருந்துக்கடையில் கிடைக்கும்போது எண்ணெயை உள்ளே விட அவசியம் என்ன என்பது என் கேள்வி.

யோனிக்குள் இன்னொரு குடித்தனம் நடக்கிறது. செல்களில் சேரும் கிளைக்கோஜன் உடைந்த சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலம் சுரக்கும் லாக்டோபாசில்லஸ் பாக்டீரியாக்கள் அங்கே வாழ்கின்றன. ஆல்பர்ட் டோடர்லைன் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1892-இலேயே இவற்றை விவரித்துவிட்டார். இவற்றால்தான் அந்த இடத்தின் அமிலத்தன்மை பி.எச். 3.8-க்கும் 4.5-க்கும் நடுவில், அதாவது புளிப்பில், நிற்கிறது. பல கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துக்கொள்ளாது. சோப்பின் பி.எச். 9, 10 என்று இருக்கும். "சுத்தமாக இருக்கட்டும்" என்று சோப்பாலோ கிருமிநாசினியாலோ உள்ளே கழுவுகிறவர்கள் காவல்காரர்களைத்தான் முதலில் வெளியேற்றுகிறார்கள். 1930-களில் அமெரிக்காவில் லைசால் என்ற தரை கழுவும் கிருமிநாசினியைப் பெண்கள் உள்ளே பீச்சிக் கழுவச் சொல்லி விளம்பரமே செய்தார்கள். கருத்தடை என்று வெளிப்படையாகச் சொல்ல முடியாத காலம், 'பெண்களின் சுகாதாரம்' என்று பூசி மெழுகினார்கள். எரிந்துபோனவர்கள் பலர்.

தயிரிலும் லாக்டோபாசில்லஸ் இருக்கிறதே, அதைத் தடவினால் நல்லதுதானே என்ற யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. பெயர் ஒன்று, இனம் வேறு. யோனியில் நிலைத்து வாழ்வது பெரும்பாலும் கிரிஸ்பேட்டஸ் போன்ற இனங்கள். பாலைப் புளிக்கவைப்பவை அங்கே குடியேறுவதில்லை. தயிரோடு உள்ளே போகும் பால் சர்க்கரை வேறு யாருக்காவது விருந்தாகலாம். தேன், ஜாம், சாக்லேட், ஐஸ்கிரீம் விஷயத்திலும் எனக்கு இதே எச்சரிக்கைதான். மார்பிலோ வயிற்றிலோ தடவி நக்குவது அவரவர் ருசி. சவ்வுப் பகுதிக்குள் வேண்டாம்.

தேனுக்கு எதிராக இன்னொரு காரணமும் இருக்கிறது. மாவடுவை உப்பில் போட்டால் இரண்டு நாளில் சுருங்குகிறதல்லவா, அதே சவ்வூடுபரவல் இங்கும் நடக்கும். ரத்தத்தின் செறிவு கிலோவுக்கு ஏறத்தாழ 290 மில்லி ஆஸ்மோல். அதைவிட மிகச் செறிவான எதையும் சவ்வின் மேல் வைத்தால் அது செல்களிலிருந்து நீரை இழுக்கிறது. செல்கள் சுருங்கி உதிர்கின்றன. ஒற்றைச் செல் தடிமனுள்ள மலக்குடலில் இந்த உதிர்வு கிருமிகளுக்குத் திறந்த கதவு. 2012-இல் உலக சுகாதார நிறுவனம் ஆணுறையோடு பயன்படுத்தும் ஜெல்லின் செறிவு 380-க்குள் இருப்பது நல்லது, சந்தையில் அப்படிப்பட்டவை அரிதாக இருப்பதால் இப்போதைக்கு 1200-ஐத் தாண்டாமலாவது இருக்கட்டும் என்றது. கடையில் விற்கும் சில ஜெல்களே கிளிசரின் மிகுதியால் அதைத் தாண்டிப் போகின்றன. கெட்டியான தேனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜெல் வாங்கும்போது கிளிசரின் பட்டியலின் கடைசியில் இருக்கிறதா, முதலில் இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளலாம்.

எச்சில்? செலவில்லாதது, எப்போதும் இருப்பது, உடனே காய்ந்துவிடுவது. தொண்டையில் இருக்கும் கிருமி எச்சிலோடு இடம் மாறும் என்பதும் உண்மை. ஆஸ்திரேலியாவில் ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, மலக்குடல் கொனோரியாவுக்கும் எச்சிலை உயவாகப் பயன்படுத்துவதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொன்னது. சோற்றுக் கற்றாழையின் தெளிந்த கூழ் பரவாயில்லை, ஆனால் தோலை ஒட்டி வடியும் மஞ்சள் பால் குடலை எரிச்சலூட்டும். அதைப் பழைய வைத்தியர்கள் பேதிக்குக் கொடுத்ததே அதனால்தான்.

அடுக்களையிலிருந்து நேராக வருகிறவர்களுக்கு ஒரு தனி ஆபத்து: மிளகாய். பச்சை மிளகாய் நறுக்கிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணைக் கசக்கியவர்களுக்குத் தெரியும். மிளகாயின் கேப்சைசின் நீரில் கரையாது, தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். அது ஒட்டும் டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தை டேவிட் ஜூலியஸ் குழு 1997-இல் கண்டுபிடித்தது. 2021-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைக்க அதுவும் ஒரு காரணம். 43 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டை உணர்த்தும் கதவு அது. மிளகாய் பட்டாலும் அதே கதவு திறப்பதால் உடம்பு நிஜமாகவே நெருப்புப் பட்டதாக நம்புகிறது. பிறப்புறுப்பின் சவ்வுகளில் இந்த நரம்பு முனைகள் ஏராளம். பட்டுவிட்டால் தண்ணீரை ஊற்றிப் பயனில்லை. வெளிப்புறத்தில் எண்ணெய் தொட்டுத் துடைத்தெடுத்து, பிறகு மென்மையான சோப்பால் கழுவ வேண்டும். தலைவலித் தைலம், புதினா வாசனைப் பற்பசை இவற்றைக் 'கிளுகிளுப்பு' என்று முயல்வோரும் உண்டு. மென்தால் குளிர்ச்சியின் நரம்பையும் கற்பூரம் சூட்டின் நரம்பையும் தட்டி எழுப்பும். தோலில் அது இதமாக இருக்கலாம், சவ்வில் எரிச்சல்தான்.

தடவுவதை விட்டு நுழைப்பதற்கு வருவோம். இங்கே உடற்கூறு தெரிந்திருப்பது மிக முக்கியம், அதுவும் இரண்டு வாசல்களுக்கும் உள்ள ஒரு பெரிய வித்தியாசம். யோனி முட்டுச்சந்து. உள்கோடியில் கருப்பைவாய் இருக்கிறது, அதன் துளை மிகச் சிறியது. உள்ளே நழுவிய ஆணுறையோ வேறெதுவோ வயிற்றுக்குள் போய்த் தொலைந்துவிடாது. விரலுக்கோ மருத்துவருக்கோ எட்டும். ஆனால் மறந்துபோய் நாள்கணக்கில் விட்டால் கடுமையான தொற்று வரும்.

மலக்குடல் முட்டுச்சந்தல்ல. பன்னிரண்டிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் வரை போய், வளைந்து பெருங்குடலோடு சேர்ந்து ஒரு மீட்டருக்கும் மேல் நீள்கிறது. வாசலில் இரண்டு சுருக்குத்தசைகள். வெளியே இருப்பது நம் சொல் கேட்கும், உள்ளே இருப்பது கேட்காது. ஒரு பொருள் முழுதும் உள்ளே தாண்டிப் போனதும் உட்தசை தானாக மூடிக்கொள்கிறது. பயத்தில் வெளித்தசையும் இறுகுகிறது. விரல்பட்டால் இன்னும் மேலே வழுக்குகிறது. பாட்டிலாக இருந்தால் கூடுதல் தொல்லை: சவ்வு அதன் வாயில் ஒட்டி, இழுக்க இழுக்கப் பின்னால் வெற்றிடம் உண்டாகி உறிஞ்சிப் பிடிக்கும். இதனால்தான் அறுவை மருத்துவர்கள் சில சமயம் பொருளைத் தாண்டி ஒரு மெல்லிய ரப்பர் குழாயை முதலில் செலுத்திக் காற்றை உள்ளே விடுகிறார்கள்.

எனவே ஆசனவாய்க்கென்று செய்யப்படும் எந்தப் பொருளுக்கும் அடிப்பகுதி வாசலைவிட அகலமாக விரிந்திருக்க வேண்டும். வேறு எந்த அலங்காரமும் இதற்கு ஈடல்ல. ஐ.எஸ்.ஓ. 3533 என்ற பன்னாட்டுத் தரவிதி 2021-இல்தான் இதை எழுத்தில் வைத்தது. பாலின்பப் பொருள்களின் வடிவம், பொருள்நிலை, வேதிப்பொருள்கள் பற்றிய முதல் உலகத் தரவிதி அது. குளியலறைச் சாமான்களில் இப்படி விரிந்த அடிப்பகுதி எதற்கும் கிடையாது. டியோடரன்ட் குப்பி, டார்ச், ஷாம்பூ பாட்டில், சீப்புப் பிடி எல்லாமே வழவழப்பாக, இரு முனையும் ஏறக்குறைய ஒரே அகலமாக இருக்கும். நழுவுவதற்கே செய்ததுபோல! ஆசனவாய்க்கு வீட்டுச் சாமான் எதுவும் தோதல்ல என்பதே என் முடிவு. விரல் இருக்கிறது, நகம் வெட்டி, உறை போட்டு, ஜெல் தடவி.

யோனிக்கு அத்தனை கண்டிப்பு வேண்டாம். வெள்ளரி, கேரட் போன்றவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் கழுவினாலும் தோலின் பள்ளங்களில் பூச்சிமருந்தும் மண்ணுயிர்களும் கொஞ்சம் தங்கும் என்பதை நினைவில் வைத்து ஆணுறை போட்டே பயன்படுத்த வேண்டும். பூஞ்சைக்கும் இது ஒரு தடுப்பு. உறுதியான, கீறலில்லாத, கைப்பிடிக்கு மிச்சம் வைக்கும் அளவு நீளமுள்ளது வேண்டும். பாதியில் ஒடியும் காய் ஆபத்து. வாழைக்காயில் பால் கசியும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வேண்டாம். வேலை முடிந்ததும் குப்பைக்கூடை, சாம்பாருக்கு வேண்டாம். கண்ணாடி பாட்டில், பல்ப் எதுவும் கிட்டே வரக்கூடாது. பிளாஸ்டிக் பிடிகளின் அச்சுப் பிளவுக் கோடுகள் விரலுக்குத் தெரியாத கத்திகள். மரம் துளைகள் உள்ளது, ஊறினால் உள்ளே போனதை வெளியேற்றாது. ஒரு வாசலில் பயன்பட்டதை அப்படியே மற்றதற்கு மாற்றாதீர்கள். பெண்ணின் சிறுநீர்க்குழாய் நான்கு சென்டிமீட்டர்தான், குடலின் ஈ. கோலை பாக்டீரியா அந்தத் தூரத்தைச் சுலபமாகக் கடந்துவிடும். உறையை மாற்றிவிட்டால் போதும்.

ஆண்கள் உறுப்பை எதற்குள்ளாவது நுழைக்கப்போயும் மாட்டிக்கொள்கிறார்கள். 1980-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' தூசு உறிஞ்சும் கருவியால் ஆணுறுப்பில் காயமடைந்த நான்கு பேரைப் பற்றி எழுதியது. ஒருவர் ஆடையில்லாமல் கருவியின் பிளக்கை மாற்றிக்கொண்டிருந்தபோது அது தானாகவே ஓடத் தொடங்கிவிட்டது என்று மருத்துவரிடம் விளக்கினாராம். அந்தச் சிறிய கருவியின் விசிறி வாய்ப்பகுதியிலிருந்து சுமார் 15 சென்டிமீட்டரிலேயே இருந்தது. உறிஞ்சும் சுகம் தேடியவர்களுக்கு இந்த அளவு தெரிந்திருக்கவில்லை.

வளையம், நட்டு, பி.வி.சி. குழாய்த் துண்டு, பாட்டில் கழுத்து ஆகியவை இன்னும் சகஜமானவை. ரத்தம் தமனி வழியே அழுத்தத்தோடு வருகிறது, சிரை வழியே மெதுவாகத் திரும்புகிறது. மிதமாக இறுக்கினால் முதலில் அடைபடுவது சிரை. வரவு நிற்காது, செலவு நின்றுவிடும். வீங்க வீங்க வளையம் மேலும் இறுகும். திறக்கவோ வெட்டவோ முடியாத எதையும் மாட்டக்கூடாது, முடியக்கூடியதையும் அரை மணிக்கு மேல் விடக்கூடாது. கறுத்தாலோ சில்லிட்டாலோ மரத்தாலோ உடனே மருத்துவமனை. இரும்பு வளையத்தை வெட்டத் தீயணைப்புத் துறையின் கருவி தேவைப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் உண்டு.

மெழுகுக்கு வருவோம். பாரஃபின் மெழுகு கலவையைப் பொறுத்து சுமார் 46-லிருந்து 68 டிகிரிக்குள் உருகுகிறது. தேன்மெழுகுக்கு 62-க்கு மேல் வேண்டும். ஹார்வர்டில் மோரிட்ஸும் ஹென்ரிக்ஸும் 1947-இல் வெளியிட்ட சோதனைகள் தோலின் கணக்கைச் சொல்கின்றன: 44 டிகிரி சூட்டில் தோல் வேக ஆறு மணி நேரமாகும், 60 டிகிரியில் சில நொடிகளே போதும். அந்தப் பதினாறு டிகிரிக்குள்தான் இன்பமும் கொப்புளமும் பிரிகின்றன. தேன்மெழுகும் வாசனை வத்தியும் விலக்கு. சாதாரண வெள்ளை வத்தி என்றால் உயரத்திலிருந்து சொட்ட வேண்டும், காற்றில் விழும்போது துளி ஆறும். முதல் துளி சொட்டுபவரின் மணிக்கட்டில் விழட்டும். முகத்திலும் பிறப்புறுப்பிலும் வேண்டாம், பாலியஸ்டர் புடவையும் நைலான் கொசுவலையும் பக்கத்தில் இருக்க வேண்டாம். ஐஸ் கட்டிக்கும் ஒரு வரி: உறைபெட்டியிலிருந்து வந்தவுடன் ஈரச்சவ்வில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீரில் ஒருமுறை நனைத்தெடுங்கள்.

மின்சாரம் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பேட்டரியில் ஓடும் பல்துலக்கியின் பின்புறம், உறை போட்டு, வெளியே மட்டும் என்றால் சரி. சுவர்ப் பிளக்கில் செருகும் 230 வோல்ட் எதுவும் ஈரத்தின் அருகே வரக்கூடாது. உலர்ந்த தோல் தரும் மின்தடை ஈரச்சவ்வில் இல்லை. பாயும் மின்னோட்டத்தை அந்தத் தடைதான் தீர்மானிக்கிறது.

துப்பட்டாவால் கட்டிக்கொள்கிறவர்களுக்கு ஒன்றே ஒன்று: மேற்கையில் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கினால் மணிக்கட்டு தொங்கிவிடும், தேற மாதங்கள் ஆகலாம். கட்டுக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரல் போக வேண்டும், கத்தரிக்கோல் தலைமாட்டில் இருக்க வேண்டும். கழுத்தில் மட்டும் எதையும் சுற்றக்கூடாது, பாதுகாப்பான முறை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. 1943-இல் அமெரிக்காவில் ரோசனும் குழுவினரும் காற்றுப் பட்டையால் தன்னார்வலர்களின் கழுத்து ரத்தக்குழாய்களை அழுத்திப் பார்த்தபோது சராசரியாக ஏழு நொடிகளுக்குள் நினைவு தப்பியது. "போதும்" என்று சொல்ல நினைத்து வாய் திறப்பதற்குள் அது முடிந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஏதாவது சிக்கிக்கொண்டால்? பேதி மருந்து குடிக்கக்கூடாது, இடுக்கி, கரண்டிக் காம்பு கொண்டு தோண்டக்கூடாது. இவை இரண்டும் ஒரு சின்னச் சங்கடத்தைக் குடல் கிழிசலாக மாற்றும் வழிகள். வயிற்று வலி, ரத்தக் கசிவு, காய்ச்சல் இருந்தால் விடியும்வரை காத்திருக்கவும் கூடாது. மயக்க மருந்தில் தசை தளர்ந்துவிட்டால் பெரும்பாலானவற்றை வயிற்றைக் கிழிக்காமல் வந்த வழியிலேயே எடுத்துவிடுகிறார்கள். கழிப்பறையில் வழுக்கி அதன்மேல் உட்கார்ந்துவிட்டேன் என்ற கதையைப் பணியில் இருக்கும் மருத்துவர் முன்பே கேட்டிருப்பார், நம்பவும் மாட்டார், வெளியே சொல்லவும் மாட்டார், ரகசியம் காப்பது அவர் தொழில்முறைக் கடமை. அவருக்குத் தேவைப்படுவது வேறு தகவல்: பொருள் எது, எவ்வளவு நீளம், கண்ணாடியா, எத்தனை மணிக்கு. உலோகம் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரமும் பிளாஸ்டிக்கும் வெள்ளரிக்காயும் நோயாளி வாய் திறந்தால்தான் தெரியும்.